அண்ணனுக்கு, ஃப்ளெக்ஸ் விஷயமாக

அண்ணே,

அப்பா திதிக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன். நாளை மறுநாள் ஸ்டேஷன் ரோட்டில் கட்டிவிடுவார்கள். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் சரி என்று விட்டிருப்பேன். போன வருஷம் அப்படித்தானே நடந்தது.

வீட்டுக்குள் பேச வேண்டியதைப் பொதுவில் எழுதுகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். போனில் மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் "அப்புறம் பேசுறேன்" என்றாய். அதோடு, நாம் அப்பாவைப் பற்றி ஊருக்குச் சொன்னதும் நடுரோட்டில் வைத்துத்தான். அதைத் திருத்துவதும் நாலு பேர் பார்க்கத்தான் நடக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. உன் பெயரையோ நீ இருக்கும் ஊரையோ எழுதமாட்டேன். மதினியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பண விஷயமும் வராது. நீ அனுப்பியது மாதா மாதம் வந்தது, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பிப்ரவரியில் நான் கொழும்பு போனது உனக்குத் தெரியும். படம் அனுப்பினேன், நீ கட்டைவிரல் போட்டாய். அங்கே என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை.

மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரம்தான் அண்ணே. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊருக்கு அவரைக் கூட்டிப் போகிறேன் கூட்டிப் போகிறேன் என்று எத்தனை வருஷம் சொன்னாய்! 1947-ல் 15 வயதில் அவர் போனபோது ரயில், கப்பல், மறுபடி ரயில். தனுஷ்கோடி வரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு 22 மைல் கடல், பிறகு விடிய விடிய கொழும்புக் கோட்டை வரை. தோட்ட வேலைக்குப் போகிற ஜனங்களை மண்டபம் கேம்பில் நிறுத்திச் சோதித்துத்தான் அந்தக் காலத்தில் அக்கரைக்கு விட்டார்கள். "நான் தோட்டத்துக்குப் போகலை, கோல்பேஸுக்குப் போறேன்" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதாக அப்பத்தா சொல்லும். போன வருஷ ஃப்ளெக்ஸில் நீ 'கால் ஃபேஸ் ஹோட்டல் மேனேஜர்' என்று போட்டிருந்தாய். அப்பா வாயில் கடைசி வரை அது கோல்பேஸ்தான்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டது ஹோட்டல் இல்லை, அதன் முன்னால் கிடக்கிற திடல். 1859-ல் கவர்னர் ஹென்றி வார்ட் அங்கே கடலோர நடைபாதையைப் போட்டு முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தனக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் பட்டம் விடுகிற பிள்ளைகள், குடும்பம் குடும்பமாக ஜனங்கள். மேலே முழு இறாலை வைத்துப் பொரித்த வடை விற்கிற வண்டிகள். அப்பா சொன்ன அதே வடை. அம்மா அதை ஒருநாளும் நம்பியதில்லை, "வடையில எவனாச்சும் எறாவை வைப்பானா" என்று கேட்கும். ஒரு தட்டு வாங்கி, நின்றபடியே அம்மாவுக்காகவும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

2022-ல் இதே திடலில் ஜனங்கள் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்களே, அதை டிவியில் காட்டியபோது அப்பாவுக்கு 90 வயது. காது கேட்காது. கூட்டத்தையும் பார்க்கவில்லை, கோஷமும் அவருக்குத் தெரியாது. திரையின் ஓரத்தில் ஒரு கட்டடம் வந்து வந்து போனது. எழுந்து போய் அதன் மேல் விரலை வைத்து, "அந்தா, நம்ம ஹோட்டல்" என்றார். அந்த வீடியோவையும் உனக்கு அனுப்பினேன்.

அந்த 'நம்ம' என்ற சொல்லைத்தான் நான் அங்கே தேடிப் போனேன். டச்சுக்காரர் காலத்து பங்களா ஒன்று இருந்த இடத்தில் நாலு வெள்ளைக்கார வியாபாரிகள் 1864-ல் ஆரம்பித்தது அது. சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். கால்வாய் வந்த பிறகு, கிழக்கே போகிற கப்பல்களும் ஆஸ்திரேலியா போகிற கப்பல்களும் கரிக்கும் தண்ணீருக்கும் கொழும்பில் நின்றன. இறங்குகிற துரைமார்களுக்குக் கட்டில் வேண்டும், வெந்நீர் வேண்டும், மேஜையில் ஐந்து வகைச் சாப்பாடு வேண்டும். 1894-ல் ஹோட்டலை இன்னும் பெரிதாக்கினார்கள். உயரமான தூண்கள், அகல வராந்தா, கடலைப் பார்க்கிற புல்வெளி. அதற்கு அந்தண்டை, சதுரங்கக் கட்டம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகத் தளம் போட்ட இடம். அதைத் தாண்டினால் கடல்தான். நம்ம ஊர்க் கடலில் சூரியன் ஏறும், அங்கே இறங்குகிறது. இறங்குகிற நேரத்தில் ஒருவர் பேக்பைப் ஊத, கொடியை இறக்குகிறார்கள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிவிட்டார்கள். நான் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று.

உள்ளே சின்ன மியூசியம் மாதிரி வைத்திருக்கிறார்கள். எலிசபெத் ராணியின் வீட்டுக்காரர் பிலிப், கல்யாணத்துக்கு முன்னால் கடற்படையில் இருந்தபோது, 1940-ல் 12 பவுண்டுக்கு வாங்கிய பழைய ஸ்டாண்டர்ட் கார் அங்கே நிற்கிறது. தங்கிப் போனவர்கள் என்று காந்தி, நேரு என்றெல்லாம் பெயர் சொல்கிறார்கள். ஆர்தர் சி. கிளார்க் தன் கடைசி ஒடிசி நாவலின் கடைசி அத்தியாயங்களை எழுதியதும் இங்கேதான். எல்லாம் பெரிய பெயர்கள், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஹோட்டலின் பெயரைச் சொன்னதும் உலகத்தில் அதிகம் பேருக்கு ஞாபகம் வந்த முகம் யாருடையது தெரியுமா? வாசலில் நின்ற குட்டனுடையது. கேரளத்திலிருந்து வந்து 1942-ல் வேலைக்குச் சேர்ந்தவர். வெள்ளை உடுப்பும் பெரிய வெள்ளை மீசையுமாக அந்த வாசலின் அடையாளமே அவர்தான். 2014 நவம்பரில் 94 வயதில் அவர் இறந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. கதவு திறந்துவிட்டவர் என்றுதான் எழுதினார்கள் அண்ணே. யாரும் அவரை மேனேஜர் ஆக்கவில்லை.

அந்தச் செய்தியை நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஷூ பளபளன்னு இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கறுப்பு வெள்ளைத் தளத்தில் ஓரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்தேன். டீ சொன்னேன். கொண்டுவந்த பையனுக்கு இருபத்தி நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். என் புடவையைப் பார்த்துத் தமிழில் பேசினான், ஹட்டன் பக்கமாம். பாம்பன் என்று சொன்னேன். எங்கப்பா இங்கே வேலை பார்த்தார், 1947-லிருந்து 1970 வரை என்றேன். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, "என்ன வேலை மேடம்?" என்று கேட்டான்.

அவன் கேட்டதும் எனக்கு அந்த ராத்திரி வந்துவிட்டது. எந்த ராத்திரி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் இதுவரை ஒரு தடவைகூட அதைப் பேசியதில்லை.

1978. உன் பத்தாவது ரிசல்ட். அப்பா பகலிலேயே வாத்தியார் வீட்டு மேஜையைத் தலையில் தூக்கி வந்துவிட்டார். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து அதன் மேல் விரித்தார். ஒரு சுருக்கம் இருந்தது. அதை உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, மேஜை விளிம்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அது ஞாபகம் இருக்கிறதா உனக்கு? அந்தக் கை? கைக்குட்டையை மடித்து, திருப்பி, நுனியைச் செருகி, பிஷப் தொப்பி என்று ஒன்று செய்து நிற்க வைத்தார். நான் தொடப் போனேன், "பேபி, டோன்ட் டச்" என்றார். வீட்டில் இருந்தது ரெண்டு ஸ்பூன். வாத்தியார் வீட்டிலிருந்து இன்னும் மூன்று. முள்கரண்டி கிடைக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சீவிய ஈர்க்கை அளந்து வைத்தார், இடம் காலியாகக் கிடக்கக் கூடாதாம். முதலில் கோப்பையில் நண்டு ரசம், அது சூப்பு. அப்புறம் சீலா மீன் வறுவல், எலுமிச்சை வட்டமாக நறுக்கியது. அடுப்படியில் அம்மா திட்டிக்கொண்டே வறுத்தது.

ஆறு மணிக்கு அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். பித்தளைப் பொத்தான்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தார். எட்டு வருஷமாகப் பெட்டியில் கிடந்த கோட்டு, தோளில் இறுக்கியது. நீ உள்ளே வந்தாய். நாற்காலியைப் பின்னால் இழுத்து, "குட் ஈவினிங் சார்" என்றார்.

ஜன்னலில் உன் கூட்டாளிகள். அவர்களில் ரெண்டு பேர் இதைப் படிப்பார்கள், அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. சின்னப் பையன்கள், சிரித்தார்கள்.

நீ உட்காரவில்லை. "என்னப்பா இது, கழட்டுங்கப்பா" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே கோப்பையை உன் இடது பக்கமாக வைத்தார். நீ ரெண்டாம் முறை சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீ எப்படிப்பட்டவன் என்று இதைப் படிக்கிறவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். நீ அப்படிப்பட்டவன் இல்லை. உனக்குப் பதினாறு வயது. வாசலைத் தாண்டிப் போய்விட்டாய்.

அப்பா அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளினார். நான் ஏறி உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை. முழுச் சாப்பாட்டையும் எனக்குப் பரிமாறினார். இடது பக்கம் நின்று வைத்தார், வலது பக்கம் வந்து எடுத்தார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தண்ணீர் குடித்ததும் டம்ளரை மறுபடி நிரப்பினார். எனக்கு அது பெரிய பெருமை. நாற்பத்தேழு வருஷமாக மனசுக்குள் உன்னைவிட நான் ஒரு படி மேலே என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்தச் சாப்பாட்டை வைத்துத்தான். அண்ணன் எழுந்து போனான், நான் உட்கார்ந்தேன் என்று.

அந்த ஹட்டன் பையன் கேட்டானே, என்ன வேலை என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மேனேஜர்" என்றேன்.

யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. அந்தப் பையன் உடனே நிமிர்ந்து நின்றான். கண்ணில் இருந்த சிரிப்பு போய் மரியாதை வந்துவிட்டது. "ஒரு நிமிஷம் மேடம், பெரியவரைக் கூப்பிடுறேன், சந்தோஷப்படுவார்" என்று உள்ளே போனான். அவன் திரும்பி வருவதற்குள் பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். திடலின் கடைசி வரை நடந்தேன். வெயிட்டர் என்று சொல்லியிருந்தால் அவன் என் பக்கத்தில் உட்காராவிட்டாலும் மனசால் உட்கார்ந்திருப்பான். எந்த மேஜை, எந்த செக்ஷன், அந்தக் காலத்தில் தட்டு எவ்வளவு கனம் என்றெல்லாம் கேட்டிருப்பான். அப்பாவைப் பற்றிக் கேட்க வந்த ஒரே ஆளை நான் துரத்திவிட்டேன்.

அதனால் மன்னித்துக்கொள் அண்ணே. போன வருஷம் ஃப்ளெக்ஸ் வாசகத்தைப் படித்துவிட்டு உன்னை மனசில் என்னவெல்லாம் நினைத்தேனோ அதற்கெல்லாம். உன் சம்பந்தி வீட்டார் வந்து நிற்கிற இடம், நாலு பெரிய மனிதர்கள் பார்க்கிற இடம், உனக்கும் அது தானாகத்தான் வந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அது மன்னிப்போடு சேராது. எனக்கு அது ஒரு நிமிஷம் வாயில் வந்தது. உனக்கு ஃப்ளெக்ஸ்காரருக்கு வாட்ஸ்அப்பில் டைப் அடிக்கிற நேரம் இருந்தது. போட்டோவை வெட்டச் சொல்லுகிற நேரம் இருந்தது. கோட்டை மாற்றி டை ஒட்டச் சொன்னது யார்? அந்த மனிதர் ஆயுசில் டை கட்டியதில்லை. அவர் படுத்திருந்த காலத்தில் நீங்கள் வந்தது எத்தனை நாள்? பார், 'நீங்கள்' என்று வருகிறது கை. இதை அழித்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

1964-ஐ நீ யோசித்திருக்கிறாயா? உனக்கு அப்போது ரெண்டு வயது. டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி போனது, ரயில் ஒன்று ஜனங்களோடு கடலுக்குள் போனது, பாலத்தின் கர்டர்கள் சரிந்து விழுந்தன. அம்மா உன்னை இடுப்பில் கட்டிக்கொண்டு இங்கே. அவர் அங்கே. பாலம் இல்லை, தனுஷ்கோடித் துறை இல்லை, நினைத்தால் ஓடிவருகிற பாதை முழுக்கக் கடலுக்குள். அங்கே கிறிஸ்துமஸ், புது வருஷம், ஹோட்டல் நிரம்பி வழிகிற வாரம். நீயும் அம்மாவும் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாமல் அந்த மேஜைகளுக்கு அவர் தட்டு தூக்கினார். "கை நடுங்குச்சாப்பா?" என்று நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "நடுங்கினா சூப்பு சிந்தும்ல" என்றார்.

பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். அவருக்குச் சேதி அதற்கு முன்னாலேயே எப்படியோ போய்ச் சேர்ந்தது. எப்படி என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இனிமேல் கேட்க ஆள் இல்லை.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து மறுபடி ரயில் போகிறது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் ராத்திரியில் எழுந்து, "மெயில் போயிருச்சா?" என்று கேட்பார். காது கேட்காதவருக்கு அது எப்படித் தெரிந்ததோ! கட்டில் அதிர்வதை வைத்துக் கண்டுபிடித்திருப்பார் போல. "போயிருச்சுப்பா" என்று சொல்லித் தூங்க வைத்தேன். ரெண்டு வருஷம் தினமும் சொன்ன பொய் அது. அதற்கு மட்டும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஃப்ளெக்ஸுக்கு வருகிறேன். படம், டிரங்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்தது. நீ வெட்டக் கொடுத்த அதே படத்தின் முழுசு. வராந்தாத் தூண் ஒன்று, வெள்ளைக் கோட்டு, இடது கையில் தோள் உயரத்துக்கு வட்டத் தட்டு. தட்டில் ரெண்டு கிளாஸ். கேமராவைப் பார்க்காமல் கிளாஸைப் பார்க்கிறார். கீழே அவர் பெயர். அதற்குக் கீழே: 'கொழும்பு கோல்பேஸ் ஹோட்டல், வெயிட்டர், 1947–1970.' முதலாம் ஆண்டு நினைவு. 'இப்படிக்கு' என்ற இடத்தில் உன் பெயர்தான் முதலில் இருக்கிறது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன், நாளை சாயங்காலத்துக்குள் சொல். நீ சொல்லாவிட்டால் அப்படியே போகும்.

ஃப்ளெக்ஸ் கடைப் பையன் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மேடம், கையில தட்டு இருக்கு. எடுத்துட்டு மாலை போட்டுரலாமா?" என்று கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான். தட்டு இருக்கட்டும்பா, கிளாஸ் ரெண்டும் கட்டாகாமப் பார்த்துக்க என்றேன்.

திதி காலை ஏழு மணிக்கு அக்னி தீர்த்தத்தில். நீ முதல் நாள் ராத்திரியே வந்தால் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். மாற்று வேட்டி நான் எடுத்து வருகிறேன்.

தங்கச்சி